எண்ணெய் குளித்த வண்டிகள்

செய்தி வந்தபோது நான் என் உதிரிபாகக் கடையில் ஒரு வாடிக்கையாளரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதுதான் பிரித்த டப்பாவுக்குள் இருக்கிற சாமானிலேயே துரு இருக்கிறது, இதைப் போய் என் தலையில் கட்டப் பார்க்கிறாயே என்று அவர் கத்தினார். அது துரு இல்லை, பூச்சின் நிறமே அப்படித்தான் என்று நான் கத்தினேன். மேசைமேல் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்தால், ஜாபர் பாயின் மகன். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாரு" என்றான். வாடிக்கையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவை மெதுவாக மூடி வைத்தார். "பாயா?" என்று மட்டும் கேட்டார். மரக்காணத்தில் நான்கு சக்கரம் வைத்திருக்கிற யாருக்கும் வேறு எந்த பாய் என்று கேட்கத் தேவையில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் அவரிடம் வண்டியை விட்டவர்கள். மீதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். இரண்டும் ஒரே ஆட்களாகவும் இருக்கலாம். நம் வண்டிக்காரர்கள் சங்கத்தில் பாய்க்கு இரங்கல் எழுதச் சொன்னபோது, நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். நல்ல வார்த்தை நிறையவே இருக்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது துக்கத்தினால் மட்டும் இல்லை. பாதி துக்கம், பாதி பயம். எது எந்தப் பாதி என்று எனக்கே இன்னும் பிரியவில்லை.

எங்கள் ஊர் இரும்புக்கு ஆகாத ஊர். உப்பளத்துக் காற்று படாத இடம் என்று இங்கே எதுவும் கிடையாது. போன வருடம் பெயின்ட் அடித்த ஷட்டர் இந்த வருடம் பொரிந்து உதிரும். சைக்கிள் பூட்டைச் சாவி போட்டுத் திறப்பதைவிடக் கல்லால் தட்டித் திறப்பது சுலபம். அந்த ஊரில் நான் வண்டி உதிரிபாகம் விற்கிறேன். கம்பெனி சாமானும் வைத்திருக்கிறேன், லோக்கல் சாமானும் வைத்திருக்கிறேன். கம்பெனி சாமானின் விலையைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். அவர்களுக்கும் வண்டி ஓடியாக வேண்டும்.

ஜாபர் பாய்க்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். சவூதியில் ஒரு கேரேஜில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். புதுச்சேரி ஓரத்தில் மெக்கானிக்குகள் ஏற்கெனவே நிறைந்து கிடந்ததால், உப்பளங்களுக்குப் போகிற பாதையில் ஒரு தகர ஷெட் போட்டு உட்கார்ந்தார். தினமும் காலையில் பஸ்ஸில் வருவார். ஸ்டீயரிங் வேலைதான் அவருக்குப் பிரியம். "பிரேக் போனா கத்தலாம்பா. ஸ்டீயரிங் போனா கத்துறதுக்குக்கூட டைம் இருக்காது" என்பார். இதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எங்கள் நட்பு சண்டையில்தான் ஆரம்பித்தது. என்னிடம் வாங்கிப்போன லோக்கல் சாமானை அவர் உடனே வண்டியில் மாட்ட மாட்டார். ஷெட்டுக்கு வெளியே இரண்டு கழிகளுக்கு நடுவே கம்பி கட்டி, அதில் தொங்கவிடுவார். உப்புக் காற்று வாரக்கணக்கில் அடிக்கும். மரையில் சிவப்பு படர்ந்தால் அப்படியே என் கடைக்குத் திரும்பி வரும். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்ன பாய், கருவாடு காஞ்சிடுச்சா? எப்ப வறுக்கப் போறீங்க?" என்று கேட்பேன். "உன்னத்தான் முதல்ல வறுக்கணும் முதலாளி" என்பார். என்னை அவர் முதலாளி என்று கூப்பிட்டதெல்லாம் கோபத்தில்தான். மற்ற நேரங்களில் ஏம்பா.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கிறது. அதன் முனையில் ஒரு இரும்புக் குண்டு, ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து எந்தப் பக்கமும் அசையும். நம் தொடையெலும்பு இடுப்பில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. டை ராடு எண்டு என்போம். கிண்ணத்தின் வாயை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். உறை நன்றாக இருக்கும்வரை உள்ளே கிரீஸ் இருக்கும். உறை கிழிந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் போகும், குண்டு அரிக்கும், ஒருநாள் கிண்ணத்தைவிட்டுக் கழன்று வரும். அப்புறம் நீங்கள் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

பாய் இந்த ஊருக்குக் கொண்டுவந்த பழக்கம் எண்ணெய்க் குளியல். சவூதியில் கடலோர ஊர்களில் வண்டிகளின் அடிப்பக்கத்துக்குப் பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பார்களாம். துரு அண்டாதாம். இங்கே அவர் அந்த ஆயிலோடு கொஞ்சம் டீசலைக் கலந்து ஸ்ப்ரே அடிக்க ஆரம்பித்தார். பொங்கல் முடிந்து உப்பளங்களில் பாத்தி கட்டுகிற வேலை தொடங்கும்போது, உப்பு ஏற்றும் மினி லாரிகளும் ஆள் ஏற்றும் வேன்களும் அவர் ஷெட் முன்னால் வரிசையில் நிற்கும். தீபாவளிக்கு நாம் குளிக்கிற மாதிரி வண்டிகளுக்கு அது வருடாந்திரக் குளியல். டிரைவர்கள் மாலை போட்டு, குங்குமம் வைத்து அழைத்து வருவார்கள். டீயும் வடையும் வந்துகொண்டே இருக்கும். பாய் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போவார். வெளியே வரும்போது பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கொண்டாட்டம் என்றே சொல்லலாம்.

பலன் இருந்தது, அதை மறைக்க முடியாது. சேசிஸ் அரிக்கவில்லை. அடித்தகடு ஓட்டை விழவில்லை. அடியில் குனிந்து பார்த்தால் எல்லாம் கறுகறுவென்று பளபளக்கும். பாயின் பெயர் கிளியனூர் வரைக்கும் போயிற்று. குளிப்பாட்டிய வண்டியை விற்கும்போது, இது பாய் கைபட்ட வண்டி என்று சொல்லி விற்றார்கள்.

கந்தசாமி என்கிற டிரைவரை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு மத்தியான வேளையில் அவருடைய மினி லாரி உப்பளத்து வரப்பு ரோட்டில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. இடது முன்சக்கரம் திடீரென்று வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்ள, வண்டி வாய்க்காலுக்குள் முகத்தைக் குத்திக்கொண்டு நின்றது. வேகம் இல்லாததால் யாருக்கும் காயமில்லை. கந்தசாமி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "வண்டிக்கு உப்புத் தண்ணி குடிக்கணும்னு ஆசை வந்துடுச்சி பாய்" என்று சிரித்தார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தோம்.

பாய் சிரிக்கவில்லை. வாய்க்காலில் இறங்கி, கழன்று தொங்கிய டை ராடு எண்டைக் கையில் எடுத்துத் துண்டால் துடைத்தார். வெளியே ஒரு பொட்டுத் துரு இல்லை. கறுப்பாக மின்னியது. ரப்பர் உறையை விரலால் தொட்டார். அது தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி அவர் விரலோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. குண்டு பாதி தேய்ந்து, சொத்தைப் பல்லாகியிருந்தது. பாய் அதையே பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"உப்பு பண்ற வேலையப் பாத்தீங்களா பாய்" என்றேன் நான், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"இது உப்பு பண்ணதில்லப்பா" என்றார். "நான் பண்ணது."

எனக்கு அப்போது புரியவில்லை. அவர்தான் விளக்கினார். சவூதியில் அவர் பார்த்த வண்டிகள் எல்லாவற்றிலும் இருந்தது கம்பெனி சாமான். அந்த ரப்பர் எண்ணெயைத் தாங்கும். இங்கே ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலும் லோக்கல் சாமான். அந்த ரப்பர் எண்ணெயைக் குடிக்கும். குடித்து உப்பும், உப்பிக் குழையும், குழைந்து கிழியும். கிழிந்ததை மேலே இருக்கிற கறுப்பு எண்ணெயே மறைத்துவிடும். சும்மா விட்டிருந்தால் வெளியிலாவது துருப் பிடித்திருக்கும், யாராவது பார்த்து மாற்றியிருப்பார்கள். எண்ணெய் அடித்ததால் பார்க்க வேண்டும் என்கிற எண்ணமே யாருக்கும் வரவில்லை. அத்தனை வருடமும் கம்பியில் சாமானைத் தொங்கவிட்டுக் காற்றில் காயவைத்தவர், ஒரு நாளாவது அதில் எண்ணெயை அடித்துத் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. அதை அவரே சொன்னார். சொல்லும்போது அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அன்றோடு எண்ணெய்க் குளியல் நின்றது. நானும் அந்த மாதிரி ரப்பர் போட்ட சாமானை அதற்குப் பிறகு வாங்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே குளித்த வண்டிகள்? அவை ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. உப்பு ஏற்றிக்கொண்டு, மீன் கூடை ஏற்றிக்கொண்டு, பெண்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு, ஈசிஆர் ரோட்டில் பஸ்களோடு போட்டி போட்டுக்கொண்டு.

அவர் எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை. யார் யார் வண்டி என்று எங்கும் குறிப்பு கிடையாது. பல வண்டிகள் கைமாறி, நிறம் மாறி, ஊர் மாறிப் போயிருந்தன. அது அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஏனென்றால் அவருக்கு வண்டியின் முகம் ஞாபகத்தில் இருக்காது, வயிறுதான் இருக்கும். வெள்ளை வேனா நீல வேனா என்று கேட்டால் விழிப்பார். குறுக்குச் சட்டத்தில் வெல்டிங் வைத்த வண்டி, சைலன்சரைக் கம்பியால் கட்டிய வண்டி என்றால் உடனே தெரியும். ஆகவே தேட வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. ரோட்டில் படுத்துப் பார்க்க வேண்டும்.

படுத்தார். டீக்கடை முன்னால் நிற்கிற வண்டிக்கு அடியில் படுத்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும்போது அவர் வண்டிகளுக்கு அடியில் எதையோ தேடினார். தீமிதிக்கு வந்து நின்ற வேன்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கடற்கரைக் குப்பங்களில் மீன் வண்டிகளின் பின்னால் ஓடினார். பாய்க்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். என்னிடமே வந்து கேட்டார்கள். நான் அவர்களையும் திட்டினேன், அவர் காது கேட்காத இடத்தில் அவரையும் திட்டினேன். அறுபதைத் தாண்டிய மனிதர், நெஞ்சில் ஏற்கெனவே கோளாறு, இப்படி வெயிலில் தாரில் படுத்தால் என்ன ஆகும்?

கிடைத்த வண்டிகளில் பலவற்றுக்கு டை ராடு எண்டை மாற்றினார். சிலர் சண்டைக்கு வந்தார்கள். "வண்டி நல்லாத்தான் ஓடுது பாய், சத்தமே இல்ல" என்பார்கள். அதற்கு அவர் சொன்ன பதிலை இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ளலாம். "துரு சத்தம் போடாதுப்பா. சத்தம் வந்துடுச்சின்னா அது துரு இல்ல, முடிவு." பிறகு அவரே சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக் காட்டுவார். டக் என்று ஒரு சத்தம் வரும். சின்னச் சத்தம்தான். வண்டிக்காரர் முகம் மாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இரண்டு வண்டிகளை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஒன்று வேலியில் போய் முட்டியதோடு தப்பித்தது. இன்னொன்று பாலத்துக் கைப்பிடியில் மோதி, டிரைவருக்குக் கால் போயிற்று. எதனால் என்று அங்கே யாரும் ஆராயவில்லை. தூங்கிவிட்டான் என்றார்கள், குடித்திருந்தான் என்றார்கள். பாய் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டிரைவரிடமும் அவன் அண்ணன் தம்பிகளிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அடிப்பார்கள் என்று பயந்து நானும் கூடப் போயிருந்தேன். அவர்கள் அடிக்கவில்லை. இவர் என்ன சொல்கிறார் என்றே அவர்களுக்கு விளங்கவில்லை. அடித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று திரும்பி வரும் வழியில் எனக்குத் தோன்றியது.

கடைசியாக, ஞாபகத்தில் இருந்த வண்டிகளில் பார்க்காமல் மிஞ்சிய ஒன்று மட்டும் அவர் மனதை விட்டுப் போகாமல் இருந்தது. ஏழுமலையின் வேன். உப்பளத்துப் பெண்களை ஏற்றிப்போகிற வேன். வருடம் தவறாமல் குளித்த வண்டி அது. மழைக்காலத்தில் உப்பு வேலை இல்லாததால் அந்தப் பெண்கள் வானூர் பக்கம் கழனி வேலைக்குப் போவார்கள். ஏழுமலையும் அவர்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விட்டார். போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தால் நாளைக்கு வருகிறேன் என்பார். பாய் தினமும் என் கடைக்கு வந்து உட்கார்ந்து ரோட்டையே பார்ப்பார். "ஏம்பா, அந்த வேன்ல எத்தினி பொம்பளைங்க போறாங்க தெரியுமா?" என்பார். "இன்னிக்கி சாயங்காலம் அவங்க வீட்டுக்கு வந்துட்டாங்களான்னு உனக்குத் தெரியுமா?" என்பார். எனக்குத் தெரியாது. அவர் கேட்டுவிட்டுப் போன பிறகு எனக்கும் வேலை ஓடாது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் என் காரில் அவரை ஏற்றிக்கொண்டு வானூருக்குப் போனேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சந்தைக்குப் பக்கத்தில் வேன் நின்றது, பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் காரை நிறுத்துவதற்குள் பாய் இறங்கிப்போய் அந்தச் சேற்றில் படுத்துவிட்டார். ஏழுமலை ஓடி வந்தார்.

"பாய், ட்ரிப்பு இருக்குது பாய். எழுந்திருங்க. நாளைக்கு சத்தியமா வர்றேன்."

"நாளைக்கின்னு நான் விட்ட ஒருத்தனுக்குக் கால் போயிடுச்சிப்பா" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"என் பொழப்பக் கெடுக்காதீங்க."

பாய் வெளியே வந்து, முன்சக்கரத்துக்கு முதுகைக் கொடுத்து ரோட்டில் உட்கார்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது. கூட்டம் கூடியது. ஏழுமலை கையைப் பிடித்து இழுத்தார், பாய் அசையவில்லை. அப்போது வேனுக்குள்ளிருந்து செல்வி என்கிற அம்மா இறங்கினார். உப்பளத்தில் அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவர், மேஸ்திரி போல.

"என்னா பாய், என்னா ஆச்சி?" என்று கேட்டார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. இந்த வண்டில ஏறாதீங்க."

செல்வி வேறெதுவும் கேட்கவில்லை. "எறங்குங்கடி எல்லாரும்" என்றார். ஒவ்வொருவராகச் சாப்பாட்டுத் தூக்கோடு மழையில் இறங்கி நின்றார்கள். அதற்கு மேல் ஏழுமலை என்ன செய்வார்? அங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வைத்துக் கழற்றினோம். வலது பக்கக் குண்டு கிண்ணத்தின் விளிம்பில் தொத்திக்கொண்டிருந்தது. பாய் அதை ஏழுமலையின் கையில் வைத்தார். ஏழுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். பாய் என்னைப் பார்த்து, "இதான்பா கடைசி. முடிஞ்சிடுச்சி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. திரும்பும் வழியில் காரில் நன்றாகத் தூங்கினார்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை. நெஞ்சு வலி வந்து புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது மூக்கில் குழாய் இருந்தது, பேச்சு மெலிந்திருந்தது. "ஏம்பா, எல்லாத்தையும் பாத்துட்டோமில்ல?" என்று கேட்டார். "பாத்துட்டோம் பாய்" என்றேன். சமாதானத்துக்குச் சொன்ன பொய் இல்லை அது. நானும் அப்படித்தான் நம்பினேன். "அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது.

அடக்கத்தன்று கோட்டக்குப்பத்துத் தெருவில் நிற்க இடமில்லை. மரக்காணத்து டிரைவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கால் போன டிரைவர்கூடக் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். உப்பளத்துப் பெண்கள் செல்வியோடு வந்து முகம் பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார்கள். ஏழுமலையின் வேன் வெளியூர் போயிருந்ததால் வேறு வண்டி பிடித்து வந்திருந்தார்கள். நாங்கள் பாயின் உடலோடு கபர்ஸ்தானுக்குப் போனோம். மண் போட்டுவிட்டுத் திரும்பினோம். ஆளுக்கு ஒரு கைப்பிடி. நானும் போட்டேன். போட்டபோதும் எனக்கு அழுகை வரவில்லை.

திரும்பி வருகையில் தெருமுனையில் அந்தப் பெண்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் டீ குடித்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். எனக்குத் தெரியாத ஆள். வண்டி சரிவில் நின்றதால், முன்சக்கரம் திரும்பியிருந்த இடைவெளியில் அடிப்பக்கம் கொஞ்சம் தெரிந்தது. கறுப்பாக இருந்தது. ஏன் குனிந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாயோடு சுற்றிய பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்னா சார் பாக்குறீங்க?" என்றார் டிரைவர். "அடியில ஒண்ணும் இருக்காது சார். சூப்பர் வண்டி. நான் வாங்கி கொஞ்ச நாள்தான் ஆவுது. மரக்காணத்துல ஒரு பாய் எண்ணெ அடிச்ச வண்டியாம், பழைய ஓனர் சொன்னாரு. அவரு கைபட்டா துருவே புடிக்காதாம்."

"நீ யார் சாவுக்கு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது சார். சவாரின்னு கூப்ட்டாங்க, வந்தேன்."

சாவுக்குக் கட்டிவந்த வெள்ளை வேட்டியோடு ரோட்டில் படுத்தேன். கையை நீட்டி ரப்பர் உறையைத் தொட்டேன். அது என் விரலோடு வந்தது. செந்நிறத் தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. வெளியே வந்து சக்கரத்தைப் பிடித்து உலுக்கினேன். டக் என்றது. தெருவே அழுகைச் சத்தத்தில் இருந்தபோதும் அந்தச் சத்தம் செல்விக்குக் கேட்டுவிட்டது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் பாத்தாச்சின்னு பாய் சொன்னாரே" என்றார்.

"இத அவரு பாக்கலம்மா."

செல்வி தன் காலடியைக் குனிந்து பார்த்தார். "இதுலதான வந்தோம்" என்றார். மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை, ஈசிஆர் ரோட்டில், பாயின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று டிரைவரை விரட்டி விரட்டி ஓட்டச் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். பஸ் ஏறிப் போனார்கள். வேன் அங்கேயே நின்றது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அங்கே நின்றவர்கள் எல்லோரும் நான் பாயை நினைத்து அழுகிறேன் என்று எண்ணியிருப்பார்கள். அதுவும் உண்மைதான்.

சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி, பாயம்மா, கணவரை இழந்தபின் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் இருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துப் போனவன், கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அவரு முடிஞ்சிடுச்சின்னு நெனச்சிட்டுப் போனாரு" என்றார் பாயம்மா. "அல்லா அவர அப்படியே வச்சிருக்கட்டும். நீங்க தேடுங்க தம்பி."

அவருடைய சாமான்களை மகன் எடுத்துக்கொண்டான். ஷெட்டை யாரோ வாடகைக்குக் கேட்கிறார்கள். எனக்கு என்று அவரிடமிருந்து வந்தது அந்தத் தேடல் மட்டும்தான். அதிலும் பாதி. வண்டிகளின் வயிற்றை அடையாளம் தெரிந்த ஒரே மனிதரை மண்ணுக்குள் வைத்துவிட்டோம். இன்னும் ஒன்று இருக்கிறதா, பத்து இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. கடையில் உட்கார்ந்து ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டியையும் பார்க்கிறேன். திருப்பத்தில் எந்த வண்டியாவது கொஞ்சம் தயங்கினால் எழுந்து நின்றுவிடுகிறேன். வீட்டில் திட்டுகிறார்கள். எனக்கும் மூளை பிசகிவிட்டது என்று ஊரில் ஆரம்பித்துவிட்டார்கள், சந்தோஷம்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பாயைப் பற்றி நல்ல வார்த்தை பேசிவிட்டுக் கலைந்து போய்விடாதீர்கள். உங்கள் வண்டி, உங்கள் மச்சான் வண்டி, நீங்கள் விற்றுவிட்டு மறந்துபோன வண்டி, எதுவாவது அந்த ஷெட்டில் எண்ணெய் குளித்திருந்தால் என் கடைக்குக் கொண்டுவாருங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை குனிந்து பாருங்கள். துருப் பிடித்திருந்தால் ஓட்டி வரலாம். கறுப்பாகப் பளபளவென்று இருந்தால் ஓட்டாதீர்கள். இருக்கிற இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.